ஹில்டா தேநீர் போடாத நாள்

எங்கள் மான்செஸ்டர் ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறிக்கு ஒரு கெட்ட பழக்கம். காலையெல்லாம் சமர்த்தாகக் கணக்குப் போடும். பிற்பகலில் தேநீர் வேளை நெருங்கினால் உளற ஆரம்பித்துவிடும். அலமாரி அலமாரியாக நிற்கும் அதன் கண்ணாடிக்குழல் வால்வுகளுக்குக் கம்பி இணைத்தவள் ஹில்டா க்ரம்ப்டன். பஞ்சாலைத் தூசியில் இருமிக் கிடந்தவள், போர்க்காலத்தில் ரேடார் தொழிற்சாலைக்குப் போய், ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டும் சால்டரிங் கற்றுக்கொண்டாள். வாய் கொஞ்சம் நீளம். அவள் போடும் தேநீரோ அமிர்தம். பக்கத்து மேசையில், கணிப்பொறி படிக்கும் காகித நாடாவில் துளை போடுவது என் வேலை.

வெள்ளிக்கிழமை லண்டனிலிருந்து அதிகாரிகள் வருவதாக இருந்தது. ஒரு பிற்பகல் முழுக்க இயந்திரம் தடுமாறாமல் ஓட வேண்டும்; இல்லையென்றால் கூடத்தையே இழுத்து மூடிவிடுவார்கள். பொறியாளர் கெர்ஷாவுக்குத் தூக்கம் போயிற்று. பழி போட ஆள் தேடி ஹில்டாவிடம் வந்தார்.

"உன் சால்டரிங்தான் எங்கயோ விட்டுப்போயிருக்கு. வேற ஆளப் பாத்துக்கறேன். இந்த வாரத்தோட நின்னுக்கோ."

"நின்னுக்கறேன் சார். மறுபடி மில்லுக்குப் போய்ப் பஞ்சத் தின்னுக்கறேன். ஆனா இன்னையிலேருந்து உங்க டீய நீங்களே போட்டுக்குங்க!"

மின்கெட்டிலைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. தேநீர் வேளையில் ஆண்கள் காலிக் கோப்பைகளோடு முகத்தைத் தொங்கப்போட்டிருந்தார்கள். கெட்டிலைக் கேட்க ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

கணிப்பொறி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. இருட்டும்வரை அது உளறவே இல்லை.

கெர்ஷா மெல்லத் திரும்பி அவள் மடியைப் பார்த்தார். ஹில்டாவும் குனிந்து பார்த்தாள். கணிப்பொறிக்கு வரும் அதே மின்வழியில்தான் தினமும் கெட்டிலைச் செருகுவோம். அது மின்சாரத்தை உறிஞ்ச உறிஞ்ச, வால்வுகள் சோர்ந்துபோயிருக்கின்றன.

"அடப்பாவி! என் கை சுத்தம் சார், இந்தக் கெட்டில்தான் திருடி!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கெர்ஷா சிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்கவும் அவருக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரிகள் எதிரில் இயந்திரம் ஒரு பிழையுமின்றி ஓடியது. தேநீர் வேளையில் கெர்ஷாவைக் காணோம். கீழ்த்தளத்து எரிவாயு அடுப்பில் தானே தேநீர் போட்டு, படியேறி வந்து, அதிகாரிகளைத் தாண்டி முதல் கோப்பையை ஹில்டாவிடம் நீட்டினார்.

"திங்கக்கிழமை வருவியா?"

ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். "கழுநீர் மாதிரி இருக்கு சார். நான் வரலன்னா உங்களுக்கு டீ போட யாரு சொல்லித் தர்றது?"