சொதி தேடி வந்தவர்கள்

கிளிநொச்சி நகரத்தில், ஒரு டயர்க் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் சிறிய அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அங்கே என்ன செய்கிறேன் என்பது அக்கராயனில் உள்ள என் அயலவர்களுக்கு இன்றுவரை சரியாக விளங்கவில்லை. வெளிநாட்டுக் கடைகளுக்கும் தங்குவிடுதிகளுக்கும் நாங்கள் இணையப் பக்கங்கள் எழுதிக் கொடுக்கிறோம். யாராவது இணையத்தில் ஒரு பொருளைத் தேடினால், வருகிற முதற்பக்கத்தில் எங்கள் வாடிக்கையாளரின் கடை நிற்கவேண்டும். அதற்காக எந்தச் சொல்லை எங்கே வைப்பது, தலைப்பை எப்படி எழுதுவது, படத்துக்கு என்ன குறிப்புக் கொடுப்பது என்று பார்ப்பதுதான் என் தொழில். நான் கண்ணால் காணாத ஒரு மலையடிவார விடுதியையும், புல்வெட்டும் இயந்திரம் விற்கும் ஒரு கடையையும் முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். எங்கள் வளவில் புல்லைக் கவனிப்பது இரண்டு பசுக்கள்.

ஒரு சனிக்கிழமை நகரத்தில் நூல் வெளியீடு ஒன்று நடந்தது. முல்லைத்தீவுக் கரையோரத்தைச் சேர்ந்த ஒரு முன்பள்ளி ஆசிரியையின் முதலாவது சிறுகதைத் தொகுப்பு. அவா ஐம்பதைத் தாண்டியவர். கணவர் கடலை ஒட்டிய களப்பில் மீனுக்கு வலை போடுகிறவர். விளக்கேற்றி, வரவேற்று, வாழ்த்தி, மதிப்பீடு செய்து முடிய மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் ஏற்புரைக்கு அவாவைக் கூப்பிட்டார்கள். அவா எழும்பி, "எல்லாரும் நல்லாக் கதைச்சீங்கள். இனி ஆராவது வாசிச்சாச் சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட்டா. அந்தப் பேச்சுக்காகவே ஒரு பிரதி வாங்கினேன்.

பஸ்ஸில் வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது கதையில், கோயில் பெருநாளுக்குச் சொல்லி வைத்த ஒலிபெருக்கிக்காரன் வழி மாறிப் பக்கத்து ஊர்க் கலியாண வீட்டுக்குப் போய்விடுகிறான். கலியாண வீட்டுக்குச் சொல்லி வைத்தவன் கோயிலுக்கு வந்து சேருகிறான். இரண்டு பேரிடமும் அவரவர் கொண்டுவந்த பாட்டுகள்தான் இருக்கின்றன. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் இறங்கவேண்டிய தரிப்பைத் தாண்டிப் போய்விட்டேன். வாய்க்கால் ஓரமாகத் திரும்பி நடந்து வந்தபோதும் சிரிப்பு நிற்கவில்லை. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில், இந்தப் புத்தகத்தைப் பற்றி வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். புத்தகத்தின் பெயர் 'திரளிச் சொதி'. தேடலில் வந்தவை எல்லாம் சமையல் காணொளிகள். எங்கோ குளிர் நாட்டில் ஒருவர் திரளி மீன் கிடைக்காமல் வேறு ஏதோ மீனைப் போட்டுத் தேங்காய்ப்பால் சொதி காய்ச்சிக்கொண்டிருந்தார். ஆசிரியையின் பெயரைப் போட்டேன். ஒரு பல் வைத்தியர் வந்தார். எங்கள் பகுதியின் பெயரைச் சேர்த்து வன்னி எழுத்தாளர்கள் என்று போட்டால் வன்னியில் காணி விற்பனைக்கு என்று வந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முன்பின் தெரியாத ஒருவரின் புல்வெட்டும் இயந்திரத்துக்கு நாள் முழுக்கப் பாடுபடுகிறேன். ஒரு மணித்தியாலப் பஸ் தூரத்தில் இப்படிச் சிரிக்க வைக்கிற ஒரு மனுசி எழுதிக்கொண்டிருக்கிறா, தேடினால் அவாவைக் காணவில்லை. அந்தக் கிழமையே ஒரு சின்ன இணையத்தளம் தொடங்கினேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா எழுத்தாளர்களின் புத்தகங்களுக்கு ஒவ்வொரு பக்கம். என்ன புத்தகம், ஏன் வாசிக்கவேண்டும், எங்கே வாங்கலாம். அவ்வளவுதான்.

முதலாவது பக்கத்தை எழுதி என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் நெல்லுச் செய்கிறவர். பேப்பரைத் தவிர வேறொன்றும் வாசிக்கமாட்டார். 'மண்ணின் மணம் கமழும் இக்கதைகள் நெய்தல் நில மக்களின் வாழ்வியலை யதார்த்தமாகச் சித்தரிக்கின்றன' என்று தொடங்கியிருந்தேன். அவர் மரியாதையாகக் கடைசிவரை கேட்டார்.

"இஞ்சரும், நீர் அண்டைக்கு இறங்கிற இடத்தையும் விட்டுட்டுச் சிரிச்சுக்கொண்டு வந்தனீர். அது இதுக்குள்ள இல்லையே" என்றார்.

எழுதியதை அழித்துவிட்டு, பஸ்ஸில் தரிப்பைத் தவறவிட்ட கதையிலிருந்து தொடங்கினேன். அன்றிலிருந்து எந்தப் புத்தகத்தைப் பற்றி எழுதினாலும், அதை வாசிக்கும்போது எனக்கு என்ன நடந்தது என்பதைத்தான் முதலில் எழுதுகிறேன்.

தொழில் தெரிந்தவள் என்பதால் செய்யவேண்டியதெல்லாம் செய்தேன். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் சனம் தமிழை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாகத் தட்டித் தேடும் என்று யோசித்து அவற்றையும் சேர்த்தேன். அட்டைப் படத்துக்குக் குறிப்பு எழுதினேன். தெரிந்தவர்களின் தளங்களில் இருந்து இணைப்புக் கேட்டு வாங்கினேன். ஒன்றும் அசையவில்லை. சமையல்காரர்கள் முன்வரிசையில் கதிரை போட்டு அமர்ந்திருந்தார்கள். எங்கள் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்காத கடைசியில் கிடந்தது.

அப்போதுதான் ஆசிரியையைச் சந்திக்கலாம் என்று நினைத்தேன். பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு பஸ் ஏறிப் போனேன். அவாவின் வீட்டு முற்றத்தில் நீல வலை காய்ந்துகொண்டிருந்தது. புத்தகப் பெட்டிகளை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். கட்டிலுக்குக் கீழே என்றா. வெளியீட்டில் போனதைத் தவிர மிச்சம் எல்லாம் அங்கேதான்.

தேடலில் என்ன நடக்கிறது என்று என் தொலைபேசியில் காட்டினேன். குளிர் நாட்டுச் சமையல்காரரைப் பார்த்துவிட்டு அவா விழுந்து விழுந்து சிரித்தா. அந்தச் சிரிப்பில் துணிந்து, புத்தகத்தின் பெயரைக் கொஞ்சம் மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றா. தலைப்புக் கதையில் இரண்டு மச்சாள்மார், ஒரே குசினி, ஒரு திரளி மீன். சொதிக்குப் பழப்புளி கரைத்து விடுவதா தேசிக்காய் பிழிந்து விடுவதா என்று தொடங்கும் சண்டை பழைய கணக்குகள் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும். கடைசிவரை சொதி அடுப்பில் ஏறாது. அதற்கு வேறென்ன பெயர் வைக்கிறது என்று கேட்டா. நியாயம்தான்.

அடுத்ததாக என் மனதில் இருந்த யோசனையைச் சொன்னேன். சனம் சொதியைத் தேடித்தானே வருகுது, புத்தகப் பக்கத்தில் நீங்கள் சொதி வைக்கிற முறையையும் போடுவம், சொதிக்கு வாற ஆக்கள் கதையையும் பாப்பினம் என்றேன்.

அவாவின் முகம் மாறிவிட்டது. குரலை உயர்த்தவில்லை.

"பிள்ளை, ஆம்பிளையள் புத்தகம் எழுதினா அவையிட்டப் போய் ஆரும் சமையல் குறிப்புக் கேக்கினமோ? பத்து வருசம் எழுதிப்போட்டு நான் திரும்பவும் குசினிக்குள்ளதான் போய் நிக்கவேணுமோ?"

அவா சொன்னது சரி என்று உடனேயே தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவா அதைப் பெரிதாக எடுக்காமல் சாப்பிடக் கூப்பிட்டா. அவாவின் கணவரும் களப்பிலிருந்து வந்துவிட்டார். சோறும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். பேச்சு முழுக்க முன்பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியும் காற்றைப் பற்றியும்தான். புத்தகத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. திரும்பி வரும்போது, இனி அந்தப் பக்கத்தை அதன் போக்கில் விடுவம் என்று முடிவு செய்தேன். வேறு புத்தகங்கள் இருந்தன. வவுனியாவில் ஒருவர் எழுதிய சிறுவர் கதைகள் பற்றி எழுதத் தொடங்கினேன்.

ஒரு கிழமை கழித்து ஒரு காலையில், மாட்டுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்து பார்த்தால், ஆசிரியையிடமிருந்து தொலைபேசிக்கு ஒரு நீண்ட செய்தி வந்திருந்தது. 'சமையல் குறிப்பு எழுதமாட்டன் எண்டு சொன்னனான். இது சமையல் குறிப்பு இல்லை' என்று மேலே போட்டிருந்தா. கீழே அந்த இரண்டு மச்சாள்மாரும் சொதி காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

'திரளியைச் செதிள் போகச் சுரண்டிக் கழுவவும். நான் கழுவுற வடிவுக்கு மீன் திரும்பக் களப்புக்கே போயிடும் எண்டு மச்சாள் சொல்லுவா. அதைக் காதில விழுத்தக்கூடாது. தேங்காய் பிழிஞ்ச கடைசிக் கப்பிப்பாலில வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள் போட்டுக் கொதிக்க வைக்கவும். மச்சாள் வந்து மூடியைத் திறப்பா. திறக்க விடாதேங்கோ.'

இப்படியே போனது. மீன் அவிந்து, முதற்பால் விட்டு, அடுப்பிலிருந்து இறக்கும் இடத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். 'புளியோ தேசிக்காயோ எண்டதில எங்களுக்குள்ள இன்னும் முடிவில்லை. நீங்கள் ஆரின்ர பக்கம் எண்டு சொல்லிப்போட்டுச் சட்டியை இறக்குங்கோ' என்று முடித்திருந்தா. அதைப் பார்த்து ஒருவர் உண்மையாகவே சொதி வைக்கலாம். எங்கள் வீட்டில் அன்று பின்னேரமே வைத்தோம். என் கணவர் பழப்புளிப் பக்கம் நின்றார். அதற்குப் பிறகுதான் அவர் அந்தத் தலைப்புக் கதையைக் கேட்டு வாங்கி வாசித்தார்.

நான் ஒரு எழுத்தும் மாற்றாமல் அதைப் பக்கத்தின் மேலே போட்டேன். அதற்குக் கீழே ஒலிபெருக்கிக் கதையின் முதற்பாதி, அதற்கும் கீழே புத்தகத்தை எங்கே வாங்கலாம் என்பது. 'திரளிச் சொதி வைப்பது எப்படி: இரண்டு மச்சாள்மாரின் முறை' என்று தலைப்புக் கொடுத்தேன்.

தேடல் என்பது மழைக்குளம் நிரம்புகிற மாதிரி. பார்த்துக்கொண்டு நின்றால் ஒன்றும் தெரியாது. கொஞ்சக் காலம் அதை மறந்துபோய் இருந்தேன். திடீரென்று பக்கத்தின் அடியில் கருத்துகள் விழத் தொடங்கின. கனடாவில் இருந்து ஒருவர் தேசிக்காய் என்றார். பிரான்சில் இருந்து ஒரு அம்மா, தேசிக்காய் விடுகிறவர்களுக்கு மீனின் அருமை தெரியாது என்று எழுதினா. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஒருவர் இரண்டும் இல்லை, மாங்காய்தான் என்று சொல்லி எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆசிரியை மச்சாள்மாரின் குரலிலேயே ஒவ்வொருவருக்கும் பதில் போட்டா. நாங்கள் குளிர் நாட்டுச் சமையல்காரருக்கு மேலே ஏறிவிட்டோம்.

சண்டைக்கு வந்தவர்கள் கதையையும் வாசித்தார்கள். ஒலிபெருக்கிக் கதையின் மிச்சப் பாதி எங்கே என்று கேட்டார்கள். முல்லைத்தீவில் பிறந்து வெளிநாட்டில் இருக்கிற ஒரு பெண், வேறொரு நாட்டில் இருக்கும் தன் தங்கைக்கு அந்தக் கதையைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டப் போனதாகவும், இருவருக்கும் சிரிப்பு வந்து கடைசிவரை வாசித்து முடிக்கவே முடியவில்லை என்றும் எழுதியிருந்தா. அந்தக் கருத்தை ஆசிரியைக்கு அனுப்பினேன். 'வாசிச்சிட்டினம்' என்று ஒரு சொல் மட்டும் பதிலாக வந்தது.

புத்தகங்கள் போகத் தொடங்கின. ஆசிரியையின் கணவர் பொதிகளைச் சைக்கிள் கரியரில் கட்டித் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோனார். பெட்டிகள் போன பிறகு கட்டில் ஆடுது என்று அவர் ஒருநாள் என்னிடம் முறைப்பாடு சொன்னார். இரண்டாம் பதிப்பு வந்தால் கட்டில் நிற்கும் என்றேன். வந்தது. ஆனால் அது கட்டிலுக்குக் கீழே போகவில்லை. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள புத்தகக் கடைகள் கேட்டு எடுத்துக்கொண்டன. கட்டிலுக்கு அவர் பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்.

அலுவலகத்திலும் கதை பரவியது. எங்கள் முதலாளி பக்கத்தை முழுக்க வாசித்துவிட்டு, புல்வெட்டும் இயந்திரக் கடைக்கும் இரண்டு மச்சாள்மாரைப் பிடிக்க ஏலாதோ என்று கேட்டார். அவர் பகிடியாகத்தான் கேட்டாரா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை.

இப்போது தளத்தில் நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. எல்லாம் முதற்பக்கத்துக்கு வருவதில்லை. சிலதுக்கு ஒரு வாசகர்தான் வந்திருக்கிறார். ஆனால் யாராவது அந்த எழுத்தாளர்களின் பெயரைப் போட்டுத் தேடினால் பல் வைத்தியர் வரமாட்டார்.

போன மாதம் ஜெயபுரத்தில் இருந்து ஒரு கவிஞர் தொலைபேசி எடுத்தார். அவரும் என் கணவரைப் போல நெல்லுச் செய்கிற கமக்காரர்தான். அவருடைய கவிதைத் தொகுப்பின் பெயர் 'நாளைக்கு மழை வருமோ'. தன்னுடைய புத்தகத்தையும் முன்னுக்குக் கொண்டுவரவேண்டும் என்று கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன்.

"அண்ணை, அதைப் போட்டுத் தேடினா வானிலை அறிக்கைதான் வரும். அதை முந்துறது கஷ்டம்."

அவர் வரம்பில் நின்று கதைத்திருக்கவேண்டும், பின்னால் கொக்குச் சத்தம் கேட்டது. பிறகு அவசரப்படாமல், "அப்ப நான் வானிலை அறிக்கையும் எழுதுறன், தங்கச்சி" என்றார்.

சொன்னபடி செய்கிறார். நான் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரத்துக்கு ஒவ்வொரு காலையும் ஒன்று வருகிறது. பஸ் ஏறும் முன்பு அதைத் தளத்தில் போட்டுவிடுவேன். என் கணவரும் பக்கத்து வயற்காரர்களும் இப்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் மருந்து அடிக்கப் போகிறார்கள். இன்று காலை இப்படி வந்தது:

'ஜெயபுரம். மேற்கே மேகம் உண்டு. தும்பி தாழப் பறக்குது. மழை வரும் எண்டு நான் சொல்லுறன். என்ர மனிசி உடுப்புக் காயப் போட்டிருக்கிறா.'