கதவைத் தாங்கியவர்கள்

விக்டோரியா மகாராணி காலத்துக் கேலிச்சித்திரங்களை உயர்தர வரலாற்று வகுப்பில் காட்டிக் காட்டியே எனக்கும் அப்படி ஒன்று வரையும் துணிச்சல் வந்தது. பாராளுமன்றத்தைத் திருத்துங்கள், எங்களுக்கும் வாக்குத் தாருங்கள் என்று சனம் தெருவில் நிற்க, முடியாது என்று நின்ற சீமான்களைத் தொந்தியும் குட்டைக் காலுமாக வரைந்து தள்ளியிருக்கிறார்கள். சிரித்தே அவர்களை அசைத்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். நானும் அதை நம்பினேன்.

எங்கள் பக்கத்தில் குடி, அதாவது வம்சம், தாய்வழியாக வரும். கோயிலில் ஒவ்வொரு குடிக்கும் ஒரு திருவிழா உண்டு. ஆனால் குடிக்காகக் கோயில் கூட்டத்தில் உட்கார்ந்து கை உயர்த்துகிறவர் ஆணாக இருக்க வேண்டும். அவரை வண்ணக்கர் என்போம். எங்கள் குடிக்கு அண்ணன்தான் வண்ணக்கர். போன வருடம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். குடியில் மிஞ்சியது நானும் என் சின்ன மகளும். ஆணில்லாத குடிக்குத் திருவிழா எதற்கு என்று பேச்சுக் கிளம்பியது. நான் உட்காருகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். வழக்கமில்லை என்றார்கள். குடியைத் தருகிறவள் பெண், குடிக்காகப் பேச மட்டும் அவளுக்கு வாயில்லை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தக் கோபத்தில் ஒரு படம் வரைந்தேன். கறையான் அரித்த கோயில் கதவு. உள்ளே வண்ணக்கர்மார் முதுகைக் கொடுத்து அதை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள். வெளியே கும்பிட்டபடி அவர்களுடைய தாய்மார். ஊர் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுச் சண்டைக்காகக் காத்திருந்தேன்.

மறுநாள் தலைமை வண்ணக்கர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“நல்லாக் கீறியிருக்காய் புள்ள. நாங்க முட்டுக் குடுக்காட்டிக் கதவு விழுந்திரும் எண்டதை நீ ஒருத்திதான் விளங்கியிருக்காய்.”

“வெளியில நிக்கிற ஆக்கள்?”

“சாமி கும்பிட வந்த சனம்தானே!”

படத்தைச் சட்டம் போட்டுக் கோயில் மண்டபத்தில் மாட்டினார்கள். திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். அந்தச் சீமான்களும் தங்கள் படங்களை விருந்து அறையில் மாட்டி மகிழ்ந்திருப்பார்களோ என்று இப்போது தோன்றுகிறது. அந்தச் சீர்திருத்தங்கள் எல்லாம் வந்த பிறகும் பெண்கள் வெளியேதான் நின்றார்கள். அதையும் நான்தான் படிப்பிக்கிறேன்.

கூட்டம் அந்தப் படத்துக்குக் கீழேயே நடந்தது. நான் வாசலில் நின்றேன். எங்கள் திருவிழாவை இன்னொரு குடிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார்கள். அது என் கணவருடைய தாயின் குடி. அதற்கு இப்போது அவர்தான் வண்ணக்கர். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கையை உயர்த்தினார்.

வீட்டுக்கு வந்ததும், “நான் என்ன செய்யிற? எங்கட குடிக்குத் தாறாங்க. கை தூக்காட்டி அம்மாட முகத்தில எப்பிடி முழிக்கிற?” என்றார்.

“உங்கட மகள் என்ட குடி. அது தெரியுமா உங்களுக்கு?”

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகளைப் பார்த்தார்.

“எங்கட திருவிழாவ அவளும் வந்து பாக்கலாந்தானே” என்றார்.

அவள் சரி என்று தலையாட்டினாள்.