ஒரு அரக்குப் புடவையும் நாலு போனும்

கல்யாண போட்டோத் தொழில்ல கேமரா தூக்குறவருக்குப் பாராட்டு, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கலர் பாக்குறவளுக்குத் திட்டு. இந்தத் திட்டு வாங்குற உத்தியோகத்துல எனக்குப் பத்து வருஷ சர்வீஸ். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஸ்டூடியோவுல ஆல்பம் எடிட்டிங் நான்தான். ஊரு ஊருக்கு என்னை மாதிரியே உக்காந்திருக்குற புண்ணியவான்களே, புண்ணியவதிகளே, "எங்க போன்ல வேற மாதிரி தெரியுதே"ன்னு யாராச்சும் சொன்னாலே உங்களுக்கும் எந்திரிச்சு ஓடிடலாம் போல இருக்குமா? அப்ப நீங்க நம்ம ஆளு. வாங்க, மனசு விட்டுப் பேசலாம்.

மஞ்சக்காமாலை மாப்பிள்ளை

எங்க ஓனர் முரளி அண்ணன் நல்லவரு. ஆனா யாரு எதைச் சொன்னாலும் நம்பிடுவாரு. யாரோ வாஸ்து சொல்லிட்டாங்கன்னு என் எடிட்டிங் ரூம் நாலு சுவத்துக்கும் கிளிப்பச்சை பெயிண்ட் அடிச்சுட்டாரு. "கண்ணுக்குக் குளிர்ச்சி"ன்னு வேற சொன்னாரு. நானும் பல்லைக் காட்டிட்டு உக்காந்தேன்.

அதுக்கப்புறம்தான் சனி புடிச்சுது. பிரிண்ட் எல்லாம் திருச்சி லேப்ல போட்டு பஸ் பார்சல்ல வரும். என் திரையில ரோஜாப்பூ மாதிரி இருந்த மொகம், பார்சலைப் பிரிச்சா பச்சை படிஞ்சு கெடக்கும். ஒண்ணு திரும்பி வந்துச்சு, ரெண்டு திரும்பி வந்துச்சு. மூணாவதா மீன்சுருட்டியிலேருந்து மாப்பிள்ளையோட அப்பா வந்தாரு. ஆல்பத்தைக் கவுண்டர்ல விரிச்சு வெச்சுட்டு, "ஏம்மா, எம் மவனுக்குக் காமாலையான்னு சம்பந்தி வூட்ல போன் போட்டுக் கேக்குறாங்க. கீழாநெல்லி வேற அரைச்சு அனுப்புறேங்குறாங்க"ன்னாரு. எனக்கு எங்கயாச்சும் போய் ஒளிஞ்சுக்கலாம் போல இருந்துச்சு. அவரு போனதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டாரு. சத்தம் போடல, அதுதான் பயமா இருந்துச்சு.

"இன்னும் ஒரே ஒரு ஆல்பம் திரும்பி வரட்டும், எடிட்டிங்கை மொத்தமாத் திருச்சிக்குக் குடுத்துடுறேன். நீ முன்னாடி கவுண்டர்ல உக்காந்து பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக் குடு."

சாம்பல் சுவரு

பத்து வருஷம் உக்காந்த நாற்காலிங்க. அழுகையா வந்துச்சு, அதைவிட ஆத்திரம் அதிகமா வந்துச்சு. அந்த மீன்சுருட்டி ஆல்பத்தைத் தூக்கிட்டுத் தெருவுல போய் வெயில் வெளிச்சத்துல பாத்தேன். பச்சை. ரூமுக்குள்ள கொண்டாந்து கொஞ்ச நேரம் பாத்துட்டே உக்காந்தேன். மொகம் தெளிஞ்சு நல்லாயிடுச்சு! அப்பத்தான் பொறி தட்டுச்சு. சுத்திலும் பச்சைக்கு நடுவுல உக்காந்தா கண்ணு பச்சைக்குப் பழகிடுது. அப்புறம் சாதாரண மொகமே ரோஸாத் தெரியுது. நானும் ரோஸைக் குறைச்சுக் குறைச்சு, கல்லு மாதிரி இருந்த புள்ளைக்குக் காமாலை வர வெச்சிருக்கேன்.

சாம்பல் கலர் அடிக்கணும்னேன். "ஸ்டூடியோவுக்குள்ள எழவு வூடு கணக்காவா?"ன்னு அண்ணன் ஒத்துக்கல. ஞாயித்துக்கிழமை நானே ஒரு வாளி பெயிண்ட் கலக்கி அடிச்சுட்டேன். அரியலூர்ல என்னை மாதிரியே எடிட்டிங் பாக்குற தோழிகிட்டப் போய், திரையோட கலரை அளக்குற கருவியைக் கடன் வாங்கிட்டு வந்தேன். எலிக்குட்டி சைஸ்ல இருக்கும். திரை மேல தொங்க விட்டா ஒவ்வொரு கலரா அளந்து, எது ஏறியிருக்கு, எது எறங்கியிருக்குன்னு பாத்து நேர் பண்ணிடும். பண்ணி முடிச்சதும் பழைய பளபளப்பு போயி, திரை மங்கலாத் தெரிஞ்சுது. அண்ணன் எட்டிப் பாத்துட்டு, நல்லா இருந்ததையும் கெடுத்துட்டியேன்னு தலையில கை வெச்சுக்கிட்டாரு.

அந்த மாப்பிள்ளை போட்டோவைத் தொறந்தேன். ஆல்பத்துல எவ்வளவு பச்சையோ, திரையிலயும் அவ்வளவு பச்சை. மொதல் தடவையா என் திரை எங்கிட்ட உண்மையைச் சொல்லுச்சு. சந்தோஷத்துல நாற்காலியில ஒரு சுத்து சுத்துனேன், பொய் சொல்வானேன். திருத்தி, மறுபடி பிரிண்ட் போட்டு வரவழைச்சோம். மீன்சுருட்டிக்காரரு கண்ணாடியைத் தொடைச்சுத் தொடைச்சுப் பாத்தாரு.

"இப்பத்தான் எங்க வூட்டுப் புள்ள மாதிரி இருக்கான். கீழாநெல்லி வேணாம்னு சம்பந்திக்குச் சொல்லிப்புடுறேன்."

துபாய்ல கலர் செத்துப் போச்சு

இது முழுக்க என் தப்பு, ஒத்துக்கிறேன். லப்பைக்குடிக்காட்டு பாத்திமா அக்கா மக நிக்காஹ் ஆல்பம். அக்காவோட வூட்டுக்காரரு துபாய்ல இருக்காரு, லீவு கெடைக்காம மக கல்யாணத்துக்கே வர முடியல. அவரு பாத்து சரின்னாத்தான் பிரிண்ட். அனுப்பி வெச்சேன். அங்கேருந்து போன்ல, "தங்கச்சி, எல்லார் மொகமும் ஏன் சோந்து கெடக்கு? மக அழுதாளா? எதையாச்சும் எங்கிட்ட மறைக்கிறீங்களா?"ன்னு கேட்டாரு. கேட்ட கொரலு நடுங்குச்சு.

மக அழவே இல்ல, சிரிச்சுட்டுத்தான் இருந்துச்சு. நான் பண்ணுன கூத்து என்னன்னா, எடிட்டிங் சாப்ட்வேர்ல பெரிய கலர் கணக்கு ஒண்ணு இருக்கு. நெறைய நெறம் அதுல அடங்கும்னு ஆசைப்பட்டு அதுலயே சேவ் பண்ணி அனுப்பிட்டேன். அவரு போனுக்கு அந்தக் கணக்குப் புரியல, சிவப்பு, பச்சை எல்லாத்தையும் வெளுக்க வெச்சுக் காட்டிடுச்சு. எல்லாப் போனுக்கும் புரியுற சாதாரணக் கணக்குக்கு மாத்தி, ஒவ்வொண்ணா சரி பாத்து, மறுபடி அனுப்புனேன். கொஞ்ச நேரத்துல போன் வந்துச்சு. மூக்கை உறிஞ்சுற சத்தம்தான் மொதல்ல கேட்டுச்சு. அப்புறம் சொன்னாரு:

"மாஷா அல்லாஹ், எம் மக சிரிக்கிறா தங்கச்சி. நான் அங்க வந்து நின்னு பாத்த மாதிரி இருக்கு."

உடையார்பாளையத்து நாத்தனார்

இதுக்கப்புறம் நான் ஒரு வழக்கம் வெச்சேன். எந்தக் கல்யாண ஆர்டர் வந்தாலும், கூறைப்புடவையோடயே அதே கலர்ல வர்ற துணியில ஜாக்கெட் தெச்சப்ப டெய்லர் வெட்டிப் போட்ட மிச்சத் துணி ஒரு துண்டு குடுத்துடணும். ஆர்டர் கவர்லயே குத்தி வெச்சுக்குவேன், புடவையோட நெஜக் கலரை ஒத்துப் பாக்கத்தான். அண்ணனுக்கு இது கேலி. "இதென்ன ஸ்டூடியோவா, டெய்லர் கடையா?"ன்னு வர்றவங்க முன்னாடியே கேப்பாரு.

உடையார்பாளையம் ஆல்பம் குடுத்து ரெண்டாம் நாளு, மாப்பிள்ளையோட அக்கா வந்து நின்னுச்சு. பின்னாடியே பொண்ணோட அம்மா, கண்ணெல்லாம் செவந்து. அக்கா ஆல்பத்தைத் தொறக்கவே இல்ல, நாங்க அனுப்புன போட்டோ இருக்குற போனைத்தான் என் மூஞ்சிக்கு நேரா நீட்டுச்சு. "நாங்க எடுத்துக் குடுத்தது அரக்கு. இதுல ரோஸ் கட்டியிருக்கு. நாங்க குடுத்த கூறையை மாத்திட்டாங்களா, இல்ல நீங்க கலரை மாத்துனீங்களா? ரெண்டுல ஒண்ணு இப்பச் சொல்லுங்க." பொண்ணோட அம்மா, "சத்தியமா அதே புடவைதாங்க"ன்னு கையைப் பெசஞ்சுச்சு. அண்ணன் என்னையும் பாத்தாரு, முன்னாடி கவுண்டரையும் பாத்தாரு. எனக்குப் பாஸ்போர்ட் போட்டோ வெட்டுற கத்தரிக்கோலு கண்ணு முன்னாடி வந்துச்சு.

"எல்லாரும் வெளிய வாங்க"ன்னேன். ஆர்டர் கவரைப் பிரிச்சு அந்தத் துணியை எடுத்தேன். வாசல் வெளிச்சத்துல ஆல்பத்தை விரிச்சு, தாலி கட்டுற பக்கத்துல புடவை மேலயே துணியை வெச்சேன். எது துணி, எது போட்டோன்னு தேடணும், அப்படி ஒட்டிக்கிச்சு. அரக்குன்னா அரக்கு! அப்புறம் அக்கா போன், சம்பந்தியம்மா போன், அண்ணன் போன், என் போன், நாலையும் வரிசையா வெச்சு அதே போட்டோவைத் தொறக்கச் சொன்னேன். ஒண்ணுல ரோஸ், ஒண்ணுல தக்காளி, ஒண்ணுல காப்பிக்கொட்டை, ஒண்ணுல அரக்கு மாதிரி ஏதோ ஒண்ணு. அக்கா போனை வாங்கிப் பாத்தா, பளீர்னு காட்டுற செட்டிங் போட்டுருக்கு. அதை நிறுத்துனேன். ரோஸ் அப்படியே எறங்கி அரக்குப் பக்கம் வந்து நின்னுச்சு. சம்பந்தியம்மா சேலைத் தலைப்பால கண்ணைத் தொடைச்சுட்டு என் கையைப் புடிச்சுக்கிச்சு. அந்த ஒரு புடிக்காக இன்னும் பத்து வருஷம் திட்டு வாங்கலாம்ங்க.

அக்கா போனையும் துணியையும் மாறி மாறிப் பாத்துச்சு. சம்பந்தியம்மா தோளைத் தொட்டு, "மனசுல வெச்சுக்காதீங்க அத்தை"ன்னுச்சு. அப்புறம் திடீர்னு எதுவோ ஞாபகம் வந்த மாதிரி என் பக்கம் திரும்புச்சு.

"அடக் கடவுளே, அப்ப ஆன்லைன்ல வாங்குன ஆறு புடவையும் வேற கலர்ல வந்துருக்குன்னு கடைக்காரனைக் கிழி கிழின்னு கிழிச்சனே, அவன் மேல தப்பே இல்லியா?"

இப்ப எங்க ஆர்டர் சீட்டுல 'ஜாக்கெட் துணி ஒரு துண்டு அவசியம்'னு அண்ணனே கொட்டை எழுத்துல அடிச்சு வெச்சுட்டாரு, என் நாற்காலியும் எனக்கே இருக்கு, பாஸ்போர்ட் போட்டோ வெட்ட அவரேதான் கவுண்டர்ல உக்காந்துருக்காரு, அதுலயும் ரெண்டை மொகம் பச்சையா இருக்குன்னு நேத்து நான் திருப்பி அனுப்பிட்டேன்.