அண்ணியின் பதினைந்து நிமிடம்

என் அண்ணியை எங்கள் கல்லூரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஒயர் மேடம் என்றால்தான் தெரியும். தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தவர். ஒரு நாள் இன்டர்நெட் படுத்துக்கொண்டது. ஆள் வரும்வரை சும்மா இருக்கப் பிடிக்காமல் இணையப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். அன்று பிடித்த பைத்தியம் பன்னிரண்டு வருடமாகத் தெளியவில்லை. காய் நறுக்கும்போதும் எதிரே நெட்வொர்க் ஸ்விட்ச் பற்றிய புத்தகம் விரிந்திருக்கும். விரல் போய்விடும் என்று அண்ணன் கத்துவான். இன்றுவரை போகவில்லை.

இந்த வருடம் கல்லூரிக்கு இரண்டாவது இணைய இணைப்பு வந்தது. ஒன்று அறுந்தால் இன்னொன்று தானாகப் பொறுப்பேற்க வேண்டும். அதற்குத்தான் பிஜிபி என்ற ஏற்பாடு.

"ரெண்டு கம்பெனிப் பெட்டியும் நம்ம ஸ்விட்சும் முதல்ல நம்பர் சொல்லி அறிமுகமாகிக்கும். அப்புறம் எந்த வழி திறந்திருக்கு, எது அடைச்சிருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கும்" என்று சாப்பிடும்போது விளக்கினார்.

"நம்ம வீட்டு ஆளுங்க இந்த அளவு பேசிக்கிட்டாலே போதும் அண்ணி" என்றேன்.

முதல்வருக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. எல்லாவற்றையும் வெளிக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிடலாம் என்று நினைத்தார். கடைசியில் ஒரு சோதனை வைத்தார். செவ்வாய்க்கிழமை அந்தக் கம்பெனிக்காரர் முன்னால் பழைய கேபிளைப் பிடுங்க வேண்டும். இணையம் ஓடினால் அண்ணி தொடரலாம். நின்றால் ஆய்வகத்தில் நாற்காலி எண்ணப் போக வேண்டியதுதான். பன்னிரண்டு வருடம் உழைத்தவருக்கு இந்த மரியாதையா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி மூன்று நாளாகச் சிரிக்கவே இல்லை.

கல்லூரி இணையம் முழுக்கக் கடந்துபோகும் அந்த ஸ்விட்ச் பெட்டி இருப்பது எதிர்க் கட்டடத்தில், பூட்டிய அறையில். மாடியில் தன் கணினியிலிருந்து அதன் அமைப்பை மாற்றும்போது ஒரு வரி தப்பினால் உள்ளே போகும் வழியே அடைபட்டுவிடும். அதனால் அண்ணி முதல் வேலையாக அதற்கு ஒரு கட்டளை கொடுப்பார்: பதினைந்து நிமிடத்தில் நீயே அணைந்து பழையபடி எழுந்திரு. எல்லாம் சரியாக முடிந்தால் அந்தக் கட்டளையை ரத்து செய்துவிட வேண்டும். மறக்காமலிருக்க, வீட்டுச் சமையலறை டைமரைப் பதினாலு நிமிடத்துக்குத் திருகி மேஜையில் வைத்துக்கொள்வார். சோதனை அன்று பையில் தேடியிருக்கிறார், கிடைக்கவில்லை. முதல்வர் காத்திருந்ததால் அது இல்லாமலே ஆரம்பித்துவிட்டார்.

நான் கீழே விண்ணப்பக் கவுண்டரில் இருந்தேன். கணினித் திரை அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"கேபிளைப் பிடுங்கி அஞ்சு நிமிஷம் ஆச்சு, நெட் நிக்கவே இல்ல பாருங்க" என்று எலக்ட்ரீஷியன் வந்து சொன்னார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் திரை உறைந்தது. வரிசையில் நின்றவர்கள் என்னை முறைத்தார்கள். இந்த அண்ணி என்னத்தைச் செய்து தொலைத்தாரோ என்று பல்லைக் கடித்தபடி கைக்குட்டைக்காகப் பையில் கை விட்டேன். டைமர் வந்தது. காலையில் முட்டை வேகவைக்க அண்ணி பையிலிருந்து எடுத்தவள் நான்தான். அவசரத்தில் என் பையில் போட்டிருக்கிறேன்.

மூன்று மாடி ஓடினேன்.

"சார், தப்பு என்னோடது, டைமரை நான்தான்..." என்று மூச்சு வாங்கினேன்.

"ரத்து பண்ண மறந்தது நான் சார். ஸ்விட்ச் பழைய நிலைக்குப் போயிடுச்சு. அதுக்குத் தெரிஞ்சது நாம பிடுங்கின கேபிள் மட்டும்தான்" என்றார் அண்ணி. பேசும்போதும் கை நிற்கவில்லை. நோட்டில் எழுதி வைத்திருந்ததை வரி வரியாக அடித்துக்கொண்டிருந்தார். கம்பெனிக்காரர் புன்னகையோடு பார்த்தார்.

"வந்துடுச்சு சார்."

முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். "எட்டு நிமிஷம்" என்றவர் கம்பெனிக்காரரிடம் திரும்பினார். "உங்களைக் கூப்பிட்டா எவ்வளவு நேரத்துல வருவீங்க?"

"நாலே மணி நேரம் சார்" என்றார் அவர் பெருமையாக.

முதல்வர் ஃபைலை மூடினார். "மேடம், நீங்களே பாத்துக்குங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி இந்தத் தடவை மறக்காமல் ரத்துக் கட்டளையை அடித்து, எல்லாவற்றையும் சேமித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

"முட்டை நல்லா வெந்துச்சா?" என்று கேட்டு, மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தார். டைமரை என் கையிலிருந்து வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

இப்போதெல்லாம் வீட்டில் நான் கடிகாரத்தைப் பார்த்துத்தான் முட்டை வேகவைக்கிறேன்.