உத்திரத்தில் சாக்கட்டி எண்கள்

சிரில் கேட்டர்மோல் யாரையும் எளிதில் நம்புகிறவரில்லை. வானிலை அறிக்கையை நம்பமாட்டார், கால்நடை மருத்துவரை நம்பமாட்டார். இங்கிலாந்தின் சஃபோக்கில் பிளாக்தார்ன் பண்ணையை முப்பத்தொரு வருடமாகக் குத்தகைக்கு எடுத்துப் பன்றியும் பார்லியுமாகக் காலம் தள்ளியவர். அப்படிப்பட்டவர், 1983 செப்டம்பரில், பண்ணைக்குச் சொந்தமான எஸ்டேட்டின் காரியஸ்தர் பிரைக் சொன்னதை மட்டும் ஒரு வாரம் நம்பிவிட்டார்.

"வீடு உளுத்துப்போச்சு, கேட்டர்மோல். ஒருநாள் கூரை உங்க தலையில விழும். இடிச்சிட்டு, ரோட்டோரமா உங்களுக்குப் புது பங்களா கட்டித் தர்றோம்" என்றார் பிரைக். போகும்போது காரின் கண்ணாடியை இறக்கி இன்னொன்றும் சொன்னார். "நோட்டுப் புத்தகத்தோட யாராவது வந்தா உள்ள விடாதீங்க. என்னைப் பாக்கச் சொல்லுங்க."

சிரிலின் மனைவி வின்னிக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. ஜன்னல் இடுக்கில் காகிதம் திணித்தே முப்பது குளிர்காலத்தை ஓட்டியவள் அவள். புது அடுப்பங்கரைக்கு என்ன நிறத் திரை போடலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அடுத்த வாரம் பிரைக் அனுப்பிய ஆள் ஒருவன் வந்தான். உத்திரங்களை அளந்து, ஒவ்வொன்றிலும் சாக்கட்டியால் எண் போட்டான். சமையலறையில் ஒன்று முதல் ஒன்பது வரை, கூடத்தில் பத்து முதல் இருபத்திரண்டு வரை. எதற்கு என்று சிரில் கேட்டதற்கு, "பாதுகாப்புக்கு" என்றான்.

அவன் போனதும் சிரில் மடக்குக் கத்தியை விரித்தார். பதினான்காம் எண் உத்திரத்தில் ஓங்கிக் குத்தினார். கத்தி நகக்கண் அளவுகூட இறங்கவில்லை. முனைதான் உடைந்தது.

"வின்னி, உளுத்துப்போன மரத்துக்கு எவனாவது நம்பர் போடுவானா?"

"ஆரம்பிச்சிட்டியா? நல்லது நடக்கும்போதுகூட உனக்கு மூக்கு வேர்க்கணுமா?"

"அந்தாளு இதைக் கழட்டி விக்கப் போறான்."

"வித்துட்டுப் போகட்டும். எனக்குக் கால் சூடா இருந்தாப் போதும்."

வின்னி சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் சிரிலுக்குத் தூக்கம் கெட்டது. இரண்டு நாளில் நோட்டுப் புத்தகத்தோடு ஒருத்தி வந்தே விட்டாள். மிஸ் ஆஷ்வொர்த், முப்பது வயதிருக்கும், சேறு படிந்த பூட்ஸ். பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களைப் பட்டியல் எடுக்க மாவட்டம் முழுக்கச் சுற்றுகிறாளாம். சிரில் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"வரி போடறதுக்கா?"

"இல்லைங்க. வீட்டைப் பாக்கறதுக்கு."

"அதான் வெளியிலிருந்தே தெரியுதே."

அவள் சிரித்துவிட்டுத் தன் அட்டையைக் கொடுத்துப் போனாள். வண்டிக்குப் போகும் முன் தெற்குச் சுவரையே வெகுநேரம் பார்த்தபடி நின்றது சிரிலுக்குப் பிடிக்கவில்லை. இவளும் பிரைக் ஆளோ? நான் விடுகிறேனா என்று சோதிக்க அனுப்பினானோ? அட்டையைக் கிழிக்கப் போனவர், என்ன தோன்றியதோ, தேநீர்க் கெண்டிக்கு அடியில் வைத்தார்.

மறுநாளே பிரைக்குக்கு எழுதினார்: பங்களா எத்தனை காலத்துக்கு என்று எழுத்தில் வேண்டும். பதில் வர மூன்று வாரமானது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வின்னிதான் படித்தாள். ஒரு வருடத்துக்கு. அதன்பின் எஸ்டேட்டின் விருப்பப்படி. பண்ணைக் குத்தகையை அவர்களாகவே விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

வின்னி கடிதத்தை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள். முகம் சிவந்துவிட்டது.

"அந்தப் பொண்ணைக் கூப்பிடு" என்றாள்.

மிஸ் ஆஷ்வொர்த் மறுநாள் காலையிலேயே வந்தாள். சிரில் அவளை அறைக்கு அறை பின்தொடர்ந்தார். அவள் ஓர் உத்திரத்தின் அருகே டார்ச் அடித்து எதையோ எழுதிக்கொண்டபோது அவருக்குப் பொறுக்கவில்லை.

"நீங்களும் நம்பர் போடறீங்களா?"

"போட்டிருக்கறதைப் படிக்கிறேன். சாக்கட்டி இல்லை, இங்க பாருங்க, உளியால செதுக்கினது. எந்த மரம் எதோட சேரணும்னு தச்சர் போட்ட குறி."

முப்பத்தொரு வருடம் அந்த உத்திரத்தில்தான் அவர் தொப்பியை மாட்டிவந்தார். ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

பரணில் ஏறியதும் அவள் டார்ச்சைக் கூரைப் பக்கம் திருப்பினாள். கைமரங்கள் எல்லாம் கன்னங்கரேல் என்றிருந்தன.

"எப்பவோ தீப்பிடிச்சிருக்கு" என்றார் சிரில்.

"தீப்பிடிச்சா மரம் கருகும், இது கருகலை. இது வெறும் புகைக் கரி. இந்த வீட்டைக் கட்டினப்போ புகைபோக்கியே கிடையாது, மிஸ்டர் கேட்டர்மோல். கூடத்து நடுவுல தரையில நெருப்பு. புகை நேரா இங்க ஏறும். ஐந்நூறு வருஷமாவது இருக்கும்."

"எல்லா வீட்லயும் இதைத்தான் சொல்லுவீங்களா?"

"போன மாசம் நூத்துப்பத்து வீடு பாத்தேன். ரெண்டுலதான் சொன்னேன்."

கீழே இறங்கியதும் சிரில், இடிக்கும் நாள் அடுத்த திங்கள் என்று பிரைக்கின் கடிதத்தில் இருந்ததைச் சொன்னார். அவள் பாதித் தேநீரை அப்படியே வைத்துவிட்டு மாவட்ட கவுன்சில் அலுவலகத்துக்குக் கிளம்பினாள். வெள்ளிக்கிழமை மாலை கவுன்சில் ஆள் வந்து கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டினார். இனி அனுமதியில்லாமல் ஓர் ஆணியைப் பிடுங்கினாலும் குற்றம்.

திங்களன்று லாரியோடு வந்த பிரைக் அதை நின்றபடியே படித்தார்.

"யாரு உள்ள விட்டது?"

"நான்தான்" என்றாள் வின்னி, சிரில் வாயைத் திறக்கும் முன். "டீயும் குடுத்தேன்."

வசந்தத்தில் வீடு நிரந்தரமாகப் பட்டியலில் ஏறியது. குத்தகையும் நிலைத்தது. ஆனால் வின்னி கேட்ட பிளாஸ்டிக் ஜன்னலுக்கு அனுமதி கிடைக்கவில்லை. சிமெண்டுப் பூச்சைப் பெயர்த்துச் சுண்ணாம்புக் காரை பூசியதில் சுவர் ஈரம் குறைந்ததே தவிர, காற்று குறையவில்லை. பங்களாவைப் பற்றி அவள் பேசவே இல்லை. கூடத்தில் கால்மேல் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கும் அவளைப் பார்க்கும்போது, அவளுக்குத் தான் நல்லதுதான் செய்தோமா என்று சிரிலுக்குத் தன்மேலேயே சந்தேகம் வரும்.

வருடம் ஒருமுறை மிஸ் ஆஷ்வொர்த் கட்டடக்கலை மாணவர்களை அழைத்துவருவாள். ஒருவன் சிரிலிடம் கேட்டான், "ஐந்நூறு வருஷ வீட்ல வாழறது எப்படிங்க இருக்கு?"

"குளிருது" என்றார் சிரில்.

அவர்கள் பரணில் ஏறும்போது படியடியில் நின்று தலை எண்ணுவார். இறங்கும்போதும் எண்ணுவார்.

"ஏழு பேர் போனாங்க, ஏழு பேர் வந்துட்டாங்க" என்று வின்னியிடம் வந்து சொல்லுவார். அவள் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு, கெண்டியில் இன்னும் தேநீர் இருக்கிறதா என்று தூக்கிப் பார்ப்பாள்.