புழு மனையில் தைலம்

பட்டுப்புழு வாந்தி எடுக்கும் என்பது எனக்குப் பதினொரு வயதில்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஓசூரில் கம்பெனி வேலை, திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டும் வேலை, கேரளத்தில் வீட்டு வேலை என்று பல ஊர்களில் பலதையும் பார்த்துவிட்டேன். எந்த ஊரிலும் இரண்டு வருடம் நிலைத்ததில்லை. ஆனால் எதைப் பார்த்தும் அன்றைக்குப் போல உடம்பு விறைத்துப்போனதில்லை.

நல்லம்பள்ளியிலிருந்து உள்ளே போனால் எங்கள் ஊர். ஒரு ஏக்கரில் பட்டுப்புழு தின்னும் மல்பெரிச் செடி. வீட்டிலிருந்து பத்தடி தள்ளி, புழு வளர்க்கிற கொட்டகையான புழு மனை. உள்ளே புழு இருக்கிற நாட்களில் அந்த மனை கோயிலைவிடச் சுத்தம். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். முகப்பவுடர், வாசனைச் சோப்பு, கொசுவத்தி, அப்பாவின் பீடி எதுவும் கிட்டே வரக் கூடாது. வாசம் பட்டால் புழு தழையைத் தொடாது, செத்தும் போகும் என்பார்கள். மனைச் சுவரில் இருந்த மாதா படத்துக்குக்கூட அந்த நாட்களில் மெழுகுவத்தி கிடையாது. மாதா பொறுத்துக்கொண்டார். அம்மாவின் தலைதான் பொறுக்கவில்லை.

அம்மாவுக்குத் தலையின் வலது பக்கம் மட்டும் வலிக்கும். வருவதற்கு முன்னால், “கண்ணுக்குள்ள ரம்பம் மாதிரி என்னமோ மின்னுதுடி” என்பாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, ஈரத் துண்டை முறுக்கித் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். தாளிக்கிற வாசம் வந்தால் வாந்தி எடுப்பாள். நான் சொம்பைக் கீழே வைத்தால்கூட, “மெல்ல வெய்யி, எந்தலை மேல வெக்கற மாதிரி இருக்குது” என்பாள். அக்கம்பக்கத்தில் வெயில் தலைவலி என்றார்கள். அப்பா அதற்கு வேலைத் தலைவலி என்று பெயர் வைத்திருந்தார். வேலை வந்தால் அதுவும் வருமாம்.

மற்ற வீடுகளில் தலைவலி என்றால் முதலில் தைலம்தான். எங்கள் வீட்டில் புழு இருக்கும்போது தைல டப்பாவைத் திறக்க முடியாது. அதனால் மாத்திரை. நான்காம் தோலுரிப்பு முடிந்த புழு ஒரு வாரம் இரவும் பகலும் தின்னும். அப்போது யாரும் படுக்க முடியாது. அந்த முறை அம்மா காலையில் இரண்டு, சாயங்காலம் இரண்டு என்று தினமும் விழுங்கினாள். வாங்கி வருவது நான்.

“ஒரே கடையில வாங்காதடி. நோண்டி நோண்டிக் கேப்பாங்க,” என்று சொல்லியிருந்தாள். நல்லம்பள்ளியில் எனக்குத் தெரிந்து மூன்று மருந்துக்கடைகள். ஒன்றில் அப்பாவுக்கு முதுகு வலி என்பேன். இன்னொன்றில் ஆயாவுக்கு மூட்டு வலி. ஆயா நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை எந்தக் கடையின் முறை என்பதை மறந்துவிட்டேன். முதல் நாள் போன கடைக்கே போய் நின்றேன். கல்லாவில் இருந்த அக்கா மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“நேத்து அப்பனுக்கு முதுகு வலி. இன்னிக்கு யாருக்குக் கண்ணு?”

“ஆயாவுக்குங்க.”

“உங்க வூட்ல நல்லா இருக்கறது நீ ஒருத்திதானா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார். வலி ஒரு பக்கம் மட்டுமா? வெளிச்சம் ஆகாதா? சத்தம்? வாந்தி? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். ரம்பத்தையும் சொன்னேன். எங்கள் வீட்டு இருட்டறைக்குள் வந்து பார்த்தவர் போல அவர் கேட்டது எனக்குப் பயமாக இருந்தது.

“இது மைக்ரேன். ஒத்தத் தலைவலிம்பாங்களே, அது. ஆரம்பிக்கறப்பவே ஒண்ணு போட்டுட்டு இருட்டுல படுத்தாத்தான் கேக்கும். வாரத்துல ரெண்டு நாளுக்கு மேல போடக் கூடாது. தெனமும் போட்டா அந்த மாத்திரையே தலைவலியக் கொண்டாந்துரும். அம்மாவ ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லு.”

வலிக்குப் போடும் மாத்திரையே வலியைக் கொண்டுவருமா? ஏமாற்றுகிறார் என்றே நினைத்தேன். மாத்திரை தர மறுத்துவிட்டார். வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் ஒரு சின்ன தைல டப்பாவை எடுத்துக் கொடுத்தார். “நெத்தியில லேசாத் தடவு. முடிஞ்சா உங்கம்மாவ ஒருக்கா இங்க வரச் சொல்லு.”

புழு வைத்திருக்கும் வீடு என்று நான் சொல்லவில்லை.

வீட்டில் அப்பா இல்லை. புழு கூடு கட்டுவதற்கான மூங்கில் தட்டிகளை இரவல் வாங்கப் பொம்மிடிப் பக்கம் போயிருந்தார். அம்மா அறையில் தலையைச் சுவரில் மெல்ல மெல்ல முட்டிக்கொண்டிருந்தாள். மனைக்குத்தானே தடை, வீட்டுக்குள் என்ன என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். லேசாக என்று அக்கா சொன்னதும் மறந்துபோனது. டப்பாவில் பாதியை வழித்து அவள் நெற்றியில் அப்பினேன்.

அம்மா துள்ளி எழுந்து வாந்தி எடுத்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாததால் பச்சையாகத் தண்ணீர்தான் வந்தது. “என்னத்தடி பூசுன பாவி...” என்றவள், துண்டால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, “புழுவுக்குத் தழை போடோணும்” என்று எழப் பார்த்து, முடியாமல் சரிந்தாள்.

நான் போட்டேன். கையை வெறும் தண்ணீரில் கழுவினேன். பிளீச்சிங் தண்ணீரில் காலை மறக்காமல் நனைத்தேன். தழை வாடாமல் மூடியிருந்த ஈரச் சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு, புழு கிடந்த ஒவ்வோர் அடுக்கிலும் கிளை கிளையாகப் பரப்பினேன். பெரியவர்கள் செய்கிற வேலையைத் தனியாகச் செய்துவிட்ட பெருமையில் மாதா படத்தைப் பார்த்து ஒரு கும்பிடும் போட்டேன்.

பொழுது சாயும்போது அப்பா வந்தார். மனையில் விளக்கைப் போட்டார். சத்தமே இல்லை. புழு தின்னும்போது மனையில் ஓயாமல் ஒரு சரசரப்பு இருக்கும். அது நின்றிருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆயிரக்கணக்கான புழுக்கள் பாதி உடம்பைத் தூக்கி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தன. வாயிலிருந்து பச்சையாகத் தண்ணீர் வழிந்தது. மத்தியானம் அம்மாவின் வாயிலிருந்து வந்த அதே பச்சை. தலைவலி புழுவுக்கும் தொற்றிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்பா சாக்கை எடுத்து முகர்ந்தார்.

“தைலம். எவடி தைலத்தோட உள்ள வந்தது?”

அம்மா வாசலில் நின்றிருந்தாள். விளக்கு வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அடுக்குகளைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துத் தன் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

“நாந்தானுங்க. முடியல, தடவிக்கிட்டு வந்துட்டேன்.”

அப்பா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஒரு தலைவலி. இன்னும் நாலு நாள் பொறுக்க முடியலையா உன்னால?”

“இனிமே வராதுங்க,” என்றாள் அம்மா.

மறுநாள் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புழுவை மூடினார்கள். என் கைத் தைலம்தானா, பக்கத்து நிலத்தில் அன்று தக்காளிக்கு அடித்த மருந்து காற்றில் வந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பா கட்டட வேலைக்குப் பெங்களூர் போனார். அடுத்த வருடம் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

ஆனால் அம்மா சொன்னபடியே ஆனது. அதன்பிறகு அவள் ஒரு நாளும் தலை வலிக்கிறது என்று சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுக்கவில்லை. என்னை மருந்துக்கடைக்கு அனுப்பவும் இல்லை. புழு போனது போகட்டும், அம்மாவின் தலைவலியை நான் தீர்த்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அதைச் சொல்லவே ஒரு நாள் அந்தக் கடைக்குப் போனேன்.

“உங்க தைலம் ஒரே தடவையில கேட்டுருச்சுங்கக்கா. அம்மாவுக்குத் தலைவலியே வர்றதில்ல.”

அக்கா கையிலிருந்த மருந்துச் சீட்டைக் கீழே வைத்தார். “அப்படியா? இப்ப அம்மா என்ன பண்றாங்க?”

“காட்டுல களை எடுக்கறாங்க. வேலைய விடறதே இல்லைங்க.”

“மாத்திரை?”

“தொடறதில்லைங்க.”

“சாப்புடறாங்களா?”

“மத்தியானத்துல மட்டும் வேண்டாம்பாங்க. தலையில துண்டை முறுக்கி இறுக்கமாக் கட்டியிருப்பாங்க,” என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்து அவசரமாகச் சேர்த்துக்கொண்டேன்: “அது வெயிலுக்குங்க.”