கவ்வாத்துச் சேவலின் வால்

இடது கை சேவலின் இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்திருந்தது. வலது கையின் இரண்டு விரல்கள் வாலடியில் முறிந்து நின்ற இறகுக் குச்சி ஒன்றைத் தேடிப் பிடித்து, அது வளர்ந்த பக்கமாகவே வெடுக்கென்று இழுத்தன. சேவல் ஒரு தரம் அலறி அடங்கியது. விரல்கள் அடுத்த குச்சிக்குப் போயின.

"ஐயோ, இருக்கிறதையும் பிடுங்குறியே!" என்று பக்கத்தில் நின்ற கண்டாக்கு வீட்டு அம்மா கமலேஸ்வரி பதறினாள்.

"எறகாங்கம்மா இது? வெளக்கமாத்துக் குச்சி. அடியில இது நிக்கிற வரைக்கும் புதுசு மொளைக்காது. வேரோட போனா ஏழு வாரத்துல வரும்."

சொன்னவள் அம்மாக்கண்ணு. இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து எடுப்பவள். கோழி வளர்க்க அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மற்றவர்கள் கோழியைப் பார்த்துக் குழம்பை நினைத்தபோது அவள் கோழியையே பார்த்தாள். அவ்வளவுதான் அவளுடைய படிப்பு.

மூன்று நாளைக்கு முன், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அம்பலவாணர், கமலேஸ்வரியின் கணவர், ஒரு கட்டளை போட்டிருந்தார். அவர் வீட்டில் ஒரு டசன் வெள்ளை லெக்கோன் கோழிகளும் ஒரு சிவப்புச் சேவலும் இருந்தன. ஆடி மழை பிடித்த நாளிலிருந்து அவற்றுக்கு இறகு போய்க்கொண்டிருந்தது. முதுகு வெளுத்து, வால் மொட்டையாகி, தோலில் ரத்தம் கசிந்தது.

"லயத்துக் கோழியளாலதான் எங்கட கோழியளுக்கு இந்த வருத்தம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு லயத்தில ஒரு கோழியும் நிக்கக்கூடாது" என்றார்.

லயம் எனும் வரிசை வீடுகளில் குடியிருந்து, தொண்டைக்குள் முணுமுணுத்த தொழிலாளர் கூட்டத்தில் அம்மாக்கண்ணு மட்டும் வாயைத் திறந்தாள்.

"நோய்னா எங்க கோழிக்குல்ல ஐயா மொதல்ல வரணும்? அதுகளுக்கு ஒரு எறகு கொறையல."

மடக்கிக் கேட்டால் முறைப்பதுதான் அம்பலவாணர் வழக்கம். முறைத்தார்.

"கவ்வாத்துச் சேவல ஏங்கையில குடுங்க. வாலோட திருப்பித் தாரேன். முடியலேன்னா லயத்துக் கோழிய எல்லாம் நானே அறுத்துக் கறிவெச்சு ஒங்க வீட்டுக்கு அனுப்புறேன்" என்றாள் அம்மாக்கண்ணு.

அந்தச் சிவப்புச் சேவல்தான் கண்டாக்கு வீட்டின் தலைவலி. முற்றிய தேயிலைச் செடிகளைத் தறித்துவிடும் கவ்வாத்து வெட்டுத் தொடங்கும் நாளில், மலையில் கல் நட்டு, கவ்வாத்துச் சாமிக்குச் சேவல் அறுக்க வேண்டும். அதைக் கண்டாக்கு வீட்டிலிருந்து கொடுப்பது அந்தத் தோட்டத்து வழமை. வால் குறைந்த சேவலை அறுத்தால் கத்தி ஆளின் காலைத் தேடும் என்பது வெட்டுக்காரர் பேச்சு. ஒருவரும் கத்தி தொடமாட்டார்கள். வேலை நின்றால் தோட்டத்துத் துரை யாரைக் கேட்பார் என்பது அம்பலவாணருக்குத் தெரியும். கவ்வாத்துக்கு எட்டு வாரம் இருந்தது. அதுவரை லயத்துக் கோழிகள் நிற்கச் சம்மதித்தார்.

இப்படித்தான் அம்மாக்கண்ணு கண்டாக்கு வீட்டுப் பின்புறத்துக்கு வந்தாள். வந்தவள் கூட்டைப் பார்த்தாள். இரண்டு பேர் படுக்கும் கட்டிலளவு தகரக் கூடு. அதற்குள் பதின்மூன்று உயிர்கள், மழை தொடங்கியதிலிருந்து பூட்டியபடியே. மொட்டை முதுகுகளில் எல்லாம் பளீரென்று சிவப்பு.

"இது என்னங்கம்மா?"

"கண்ணூறு எண்டு குங்குமம் பூசினனான். கோயில் குங்குமம். ஒவ்வொரு நாளும் பூசுறன்."

அம்மாக்கண்ணு சிரிக்கவில்லை. கண்டாக்கு வீட்டு அம்மாவின் முகத்துக்கு நேரே சிரிக்க முடியாதே.

"கோழிக்குச் செவப்பக் கண்டா கொத்தணும். நீங்க தெனமும் எங்க கொத்தணும்னு பொட்டு வெச்சுக் காட்டியிருக்கீங்க."

அடைபட்ட கோழிக்குக் கிளறத் தரை இல்லை. கிளறாத வாய் பக்கத்துக் கோழியின் இறகைத் தேடுகிறது. இதைச் சொன்னபோது கமலேஸ்வரி நம்பவில்லை.

"திறந்துவிட்டா மழையில நனைஞ்சிடுமே!"

"நனைஞ்சா காயும். எறகில்லாத கோழி எப்படிங்கம்மா காயும்?"

பிறகு கூட்டின் முன் குந்தி, ஒரு வெற்றிலை மென்று தீரும் வரை பார்த்தாள். ஒரே ஒரு பெட்டை மட்டும் இறகு குலையாமல் வெள்ளைவெளேரென்று நின்றது.

"அது எங்கட ராணி. நல்ல பிள்ளை. அதுக்குக் கண்ணூறே படேல்ல" என்றாள் கமலேஸ்வரி பெருமையாக.

"அதுதாங்கம்மா கள்ளி. எல்லாருக்கும் எறகு போயி ஒருத்திக்கு மட்டும் போகலேன்னா, புடுங்குனது யாரு?"

பகலில் கூட்டைத் திறந்துவிட்டு, ராணியைத் தனியே கட்டச் சொன்னாள். மற்றவற்றின் புண்ணில் வேப்பெண்ணெயில் குழைத்த அடுப்புக்கரியைப் பூசினாள். கறுப்பு சிவப்பை மறைக்கும், கசப்பு வாயைத் திருப்பும். கீரைக்கட்டை எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிட்டாள். கருவாட்டுத் தலையை இடித்துத் தீனியில் கலக்கச் சொன்னாள். சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லயத்துக்குப் போனாள்.

அங்கே தன் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பின்னால் மூங்கில் கூடு ஒன்றில் அதைத் தனியாக விட்டாள். மூன்றாம் வாரம் வாலடியில் நீலக் குருத்துகள் எட்டிப் பார்த்தன. முளைக்கும் இறகுக்குள் ரத்தம் ஓடும். ஒரு கொத்து விழுந்தால் போச்சு. ஒவ்வொரு மாலையும் கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு குருத்துகளை எண்ணினாள்.

ஐந்தாம் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பக்கத்துக் காம்பரா ராக்காயி படிக்கட்டிலேயே அவளை மறித்தாள்.

"அக்கா, கண்டாக்கம்மா வந்துச்சு. குருத்தப் பாத்து சந்தோசத்துல குங்குமம் வெச்சுட்டுப் போயிருச்சு. என் கோழி கூட்டுக் கம்புக்குள்ள கழுத்த விட்டு ஒரு கொத்து கொத்திருச்சுக்கா."

"நீ என்னடி பண்ணுன?"

"கண்டாக்கம்மா கையத் தட்டவா முடியும்?"

"கோழி கழுத்தத் தட்டியிருக்கலாம்ல?"

ஒரு குருத்து கசிந்துகொண்டிருந்தது. அம்மாக்கண்ணு குங்குமத்தைத் துடைத்து, கரியை அப்பி, ரத்தம் நிற்கும் வரை விரலால் அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கூட்டைச் சுற்றிச் சாக்கைக் கட்டினாள். குருத்து சாகவில்லை. கொஞ்சம் கோணலாக வளர்ந்தது.

கவ்வாத்து நாள் காலை மலையடியில் எல்லோரும் நின்றார்கள். பூசாரி சிவசாமி சேவலின் வாலை விரித்து ஒவ்வொரு இறகாகப் பார்த்தார்.

"ஒண்ணு வளைஞ்சிருக்கே."

"வளைஞ்சிருக்கு. முறியல. நம்ம முதுகு மாதிரின்னு வெச்சுக்கங்க" என்றாள் அம்மாக்கண்ணு.

வெட்டுக்காரர்கள் சிரித்தார்கள். சிவசாமி தலையாட்டினார். அம்பலவாணர் கையை நீட்டினார். அம்மாக்கண்ணு சேவலை நீட்டவில்லை.

"லயத்துக் கோழி, ஐயா?"

அவர் மலையைப் பார்த்தார், வெட்டுக்காரர்களின் கத்திகளைப் பார்த்தார்.

"நிக்கட்டும்."

"எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

"லயத்துக் கோழி லயத்திலயே நிக்கட்டும்!"

கமலேஸ்வரி குங்குமத் தட்டோடு முன்னால் வந்தாள்.

"கொண்டையில வைங்கம்மா. அது ஏற்கெனவே செவப்பு" என்றாள் அம்மாக்கண்ணு.

பிறகு அம்பலவாணரின் கைகளை விரித்து வைத்து, "வாலப் புடிக்காதீங்க, காலப் புடிங்க" என்று சொல்லிச் சேவலைக் கொடுத்தாள்.